முதலில் சாப்பிடுங்கள், அப்புறம் வீட்டுக்குப் போகலாம்

சிராங்கூன் சாலையில் பேருந்தில் போனால், சீனிவாசப் பெருமாள் கோயில் வரைக்கும் நம் ஊர்க் கடைத்தெரு மாதிரியே இருக்கும். பூக்கடை, நகைக்கடை, வாழையிலை, ஊதுபத்தி வாசனை. வடபத்திர காளியம்மன் கோயிலையும் தாண்டிவிட்டால் பெயர்ப்பலகைகளில் தமிழ் குறைந்துகொண்டே வரும். அதற்கும் அப்பால் சற்றுத் தூரத்தில் ஒரு பெரிய வளாகம். குவோங் வாய் ஷியூ மருத்துவமனை. 2006-ல் சிங்கப்பூருக்கு வந்ததிலிருந்து வாரத்தில் ஐந்து நாள் அந்த வாசலைக் கடந்துதான் வீட்டுக்குப் போகிறேன். மருத்துவமனை என்று பெயர் இருப்பதால் மருத்துவமனை என்றே நினைத்திருந்தேன். அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் வீடு திரும்பப்போகிற நோயாளிகள் இல்லை, அது இன்றைக்கு முக்கியமாக முதியவர்களைப் பராமரிக்கும் ஒரு தாதிமை இல்லம் என்பதெல்லாம் எனக்குத் தெரிய எட்டு வருடம் ஆனது. தெரிந்ததும் அதே வாசலைப் பார்க்கிற பார்வை மாறிப்போனது. அதற்குக் காரணம் அடுத்த புளோக்கில் இருந்த ஒரு சீனப் பாட்டி.

முதலில் என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முதியோர் இல்லம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு ஒரு மகன் நினைவுக்கு வருவான். பெற்றவர்களைக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருகிற மகன். எங்கள் தெருவில் ஒரு பெரியவரை அப்படிச் சேர்த்துவிட்டார்கள் என்று தெரிந்ததும், அந்த வீட்டு விசேஷங்களுக்குப் போவதையே பாதிப்பேர் நிறுத்திவிட்டார்கள். அந்த நியாயத்தைக் கேட்டே வளர்ந்தவள் நான். ஓர் இல்லம் இருக்கிறது என்றால், அதற்குப் பின்னால் யாரோ கடமை தவறியிருக்கிறார்கள். இந்தக் கணக்கில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

பாட்டியை நான் 'போ போ' என்று கூப்பிடுவேன். தென்சீன மொழியான கான்டனீஸில் பாட்டி. முதல் தடவை பேசியது வாம்போ ஈரச்சந்தையில், கீரைக்கட்டுகளுக்கு முன்னால். என்னைப் பார்த்து "சுடா மாக்கான்?" என்றார். எனக்கு அப்போது மலாய் ஒரு சொல்கூடத் தெரியாது. கடைக்காரர்தான் சிரித்துக்கொண்டே, சாப்பிட்டாச்சா என்று கேட்கிறார் என்றார். முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்த்ததும் சாப்பிட்டாச்சா என்று கேட்கிற இன்னொரு சாதி சனம் இந்த உலகத்தில் இருக்கிறது என்பது அன்றைக்கு எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஊரை விட்டு வந்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

சிறிய உருவம். முதுகு வளைந்திருக்கும். நீலச் சட்டைத் துணிக்கு மேலாகவே வலது தோளில் ஒரு மேடு தெரியும், யாரோ உள்ளே ஒரு எலுமிச்சம்பழத்தைச் செருகி வைத்த மாதிரி. காவடிபோல இரு பக்கமும் கூடை தொங்கும் தடியில் மண்ணும் செங்கலும் சுமந்து காய்த்துப்போன இடம் அது. போ போ ஒரு சம்சுயிப் பெண், அதாவது தென்சீனத்தின் சம்சுயி வட்டாரத்திலிருந்து வந்து கட்டுமான வேலை செய்தவர்களில் ஒருவர். பிஸ்கட் டப்பா ஒன்றில் ஒரு சிவப்புத் துணி வைத்திருந்தார். கஞ்சி போட்டு விறைப்பாக, மூலை பிசகாமல் மடித்தது. ஒரு தடவை தலையில் எப்படிக் கட்டுவது என்று காட்டினார். விரல்கள் வளையவில்லை, ஆனால் மடிப்பு மட்டும் சரியாக விழுந்தது.

கோபப்பட ஆள் கிடைக்கவில்லை

அவரும் இன்னொரு பாட்டியும் ஓரறை வாடகை வீட்டில் சேர்ந்திருந்தார்கள். அந்தப் பாட்டி இறந்த பிறகு தனியாக இருந்தார். 2014-ல் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மருத்துவமனையில் சில வாரம், அப்புறம் காலியிடம் இருந்த ஓர் இல்லத்தில் படுக்கை கொடுத்தார்கள். நான் மேலே சொன்ன இல்லம் இல்லை, தீவின் இன்னொரு மூலையில் வேறொன்று. செய்தி கேட்டதும் எனக்கு வந்தது கோபம்தான். யார் சேர்த்தது? பிள்ளைகள் எங்கே? தம்பி, தங்கை, ஒன்றுவிட்டவர்கள் எங்கே?

ஒருவரும் இல்லை. இருந்ததே இல்லை. பதினாறு வயதில் கப்பல் ஏறியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊரில் அம்மாவுக்கும் தம்பிகளுக்கும் பணம் அனுப்பினார். அம்மா செத்துப்போனார், தம்பிகள் செத்துப்போனார்கள், கடிதம் வருவது நின்றுபோனது. என் கோபத்துக்கு ஆளே கிடைக்கவில்லை. நான் சிறுவயதிலிருந்து திட்டிக்கொண்டிருந்த அந்த மகன் இந்தக் கதையில் எங்குமே வரவில்லை. அப்படியானால் இப்படிப்பட்டவர்களுக்கு வயதானால் முன்பெல்லாம் என்ன ஆகியிருக்கும்? அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு போனபோதுதான் தினமும் பார்க்கிற அந்த வாசலுக்கே திரும்பி வந்து சேர்ந்தேன்.

முதலில் இடுகாடு, அப்புறம் மருத்துவமனை

குவோங், வாய், ஷியூ என்பவை மூன்று ஊர்ப் பகுதிகள். தென்சீனத்தின் குவாங்டோங் மாநிலத்தில் இருந்த குவாங்சோவ், ஹுய்சோவ், சாவோசிங் என்ற மூன்று பகுதிகளின் கான்டனீஸ் உச்சரிப்பின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர். நம் ஊர்ச் சங்கங்கள் மாதிரிதான். வந்த இடத்தில் மொழி புரிந்தவர்கள் ஒன்றுசேர்ந்துகொள்வது. இந்த மூன்று பகுதிக்காரர்களும் சேர்ந்து சிங்கப்பூரில் முதலில் கட்டியது மருத்துவமனை இல்லை, 1870-ல் ஓர் இடுகாடு. பெக் சான் தெங் என்று பெயர். இன்றைக்கு பிஷான் என்று நாம் சொல்கிற குடியிருப்பு நகரம் அந்த இடுகாடு இருந்த நிலத்தில்தான் நிற்கிறது, பிஷான் என்பதே பெக் சான் என்பதன் மாண்டரின், அதாவது பொதுச் சீன மொழி, உச்சரிப்புதான்.

மருத்துவமனை வந்தது 1910-ல். இடையில் நாற்பது வருடம். செத்தால் புதைக்க இடம் வேண்டும் என்பது முதலில் தோன்றியிருக்கிறது, சாகும் முன் படுக்க இடம் வேண்டும் என்பது நாற்பது வருடம் கழித்து. முதலில் எனக்கு இது விசித்திரமாகப் பட்டது. யோசித்துப் பார்த்தால் அப்படியில்லை. வந்தவர்கள் எல்லாரும் இளைஞர்கள். கூலி வேலைக்கு, தச்சு வேலைக்கு, தகர வேலைக்கு வந்தவர்கள். சம்பாதித்துவிட்டு ஊர் திரும்பிவிடுவோம் என்றுதான் ஒவ்வொருவரும் நினைத்திருப்பார்கள். சாவு திடீரென்று வரக்கூடியது, அதனால் இடுகாடு உடனே தேவைப்பட்டது. ஆனால் இங்கேயே வயதாகிவிடும் என்று யாரும் நினைத்து வருவதில்லை. நானும் நினைத்து வரவில்லை.

அந்த நிலத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. ஏழைகளுக்காக 1844-ல் பேர்ல்ஸ் ஹில்லில் அடிக்கல் நாட்டப்பட்ட டான் டொக் செங் மருத்துவமனை பிற்பாடு சிராங்கூன் சாலைக்கு மாறியது. 1909-ல் அங்கிருந்து மூல்மேன் சாலைக்குப் போய்விட்டது. காலியான இடத்தைக் காலனி அரசாங்கம் கான்டனீஸ் வணிகர்களுக்கு 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்தது, பெயரளவுக்கு ஒரு வாடகையில். முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் வோங் ஆ ஃபூக். ஜொகூர் பாரு போகிறவர்களுக்கு அந்தப் பெயரில் ஒரு சாலை தெரிந்திருக்கும். தச்சனாக வந்து ஒப்பந்தக்காரராக வளர்ந்து ஜொகூர் சுல்தானுக்கு அரண்மனை கட்டிக்கொடுத்தவர். உளி பிடித்த கையோடு கரையேறிய ஒருவருக்கு, பிழைப்பில் தோற்றுப்போன இன்னொருவன் எங்கே கிடக்கிறான் என்பது தெரியாமலா இருக்கும்?

அப்போது அந்த மருத்துவமனையின் பெயரில் இலவசம் என்ற சொல்லும் இருந்தது. சீன வைத்தியம், படுக்கை, சாப்பாடு எல்லாம் காசில்லாமல். பணம் வணிகர்களிடமிருந்தும் சங்கங்களிடமிருந்தும் கான்டனீஸ் நாடகக் கொட்டகைகளிலிருந்தும் வந்தது. ஆரம்பத்தில் மூன்று பகுதிக்காரர்களுக்கு மட்டும்தான் இடம். பின்னாளில் எல்லா இனத்தவருக்கும் திறந்துவிட்டார்கள். படுக்கைகளில் இருந்தவர்களுக்கு வயது ஏற ஏற, மருத்துவமனை தாதிமை இல்லமாக மாறியது.

ஆனால் எல்லாரும் அந்த வாசலுக்குப் போய்ச் சேரவில்லை. சைனாடவுனில் சேகோ லேன் என்று ஒரு சந்து இருக்கிறது. கான்டனீஸ்காரர்கள் அதைச் செத்தவர்கள் தெரு என்றே சொன்னார்கள். இழவு வீடுகள் அங்கே வரிசையாக இருந்தன. சாகக் கிடப்பவர்கள் மேலே படுத்திருப்பார்கள், கீழே அவர்களுக்கு முன்னால் போனவர்களின் சடங்கு நடக்கும். மேளச் சத்தம் மேலே கேட்கும். நெருக்கியடித்த கடைவீட்டு அறைகளில், படுக்கை மட்டும் வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தவர்கள் செத்தால் அறைக்கு ஆகாது என்று கருதியதால், உடம்பு முடியாமல் போனதும் தாங்களே நடந்து அங்கே போய்விடுவார்கள். 1961-ல் அரசாங்கம் அதைத் தடைசெய்தது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் கடமை தவறிய மகனை நினைத்துப் பொருமிக்கொண்டிருந்த காலமெல்லாம், மகனே இல்லாத ஆயிரக்கணக்கானவர்களை நான் ஒரு தடவைகூட நினைத்ததில்லை. அவர்களுக்கு இல்லம் என்பது கைவிட்ட இடம் இல்லை. சேகோ லேன் சந்துக்குப் போகாமல் அவர்களைத் தடுத்த இடம்.

போ போ மாதிரியான பெண்கள் வந்ததற்கும் ஒரு சட்டம்தான் காரணம். பொருளாதார மந்தத்தில் வேலையில்லாத் திண்டாட்டம் வந்ததும், 1930-ல் சீன ஆண் தொழிலாளிகள் வருவதற்கு வரம்பு வைத்தார்கள், 1933-ல் அது இன்னும் இறுகியது. பெண்களுக்கு 1938 வரை வரம்பு இல்லை. கப்பல் டிக்கெட் விற்பவர்கள் பெண்களைத் தேடிக் கிராமம் கிராமமாகப் போனார்கள். வெள்ளமும் வறுமையும் இருந்த சம்சுயி வட்டாரத்திலிருந்து வந்தவர்கள் கட்டுமான வேலைக்குப் போனார்கள். சுண் தாக் பக்கத்திலிருந்து வந்தவர்களில் பலர் கல்யாணம் செய்வதில்லை என்று சபதமெடுத்துக் கொண்டை முடிந்துகொண்டு, வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையுமாகப் பணக்கார வீடுகளில் பிள்ளை வளர்த்தார்கள். ஊரான் பிள்ளைகளை வளர்த்துவிட்டுத் தனியாக வயதானவர்கள். சம்சுயிப் பெண்கள் கோழி சாப்பிடுவதே வருடத்துக்கு ஒரு தடவை, சீனப் புத்தாண்டுக்கு, இஞ்சி அரைத்து ஊற்றியது என்று போ போ சொல்வார். சொல்லும்போது வலது கையால் இஞ்சி இடிக்கிற மாதிரி காட்டுவார்.

பேச்சு போன வழி

இல்லத்துக்கு முதல் தடவை போனபோது போ போ என்னை அடையாளம் கண்டுகொண்டார். "சுடா மாக்கான்?" என்றார். ஆறு மாதம் கழித்து அந்த மலாய் போய்விட்டது. மறதி நோயில் பிற்பாடு கற்ற மொழி முதலில் போவது பலருக்கு நடக்கிறது என்று அங்கே தொண்டூழியம் செய்த ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை சொன்னார். போ போவுக்கு மிச்சம் இருந்தது கான்டனீஸ், அதுவும் சம்சுயிக் கிராமத்துப் பேச்சு.

அந்த இல்லத்தைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. சுத்தமாக வைத்திருந்தார்கள். மருந்து நேரத்துக்குக் கிடைத்தது. ஆனால் மாடியில் இருந்த தாதிகளில் சீனம் தெரிந்தவர்கள் பேசியது மாண்டரின். 1979-ல் மாண்டரின் பேசுவோம் இயக்கம் வந்தது. ஹொக்கியென், தியோச்சூ, கான்டனீஸ் என்ற சீனக் கிளைமொழி நிகழ்ச்சிகள் தொலைக்காட்சியிலிருந்தும் வானொலியிலிருந்தும் படிப்படியாக எடுக்கப்பட்டன. ரெடிஃப்யூஷன் வானொலியில் கான்டனீஸில் கதை சொன்ன லீ தாய் சோவின் குரல் 1982-ல் நின்றது. சாயந்திரம் வேலை முடிந்து சம்சுயிப் பெண்கள் குந்தி உட்கார்ந்து கேட்ட குரல் அது. ஒரே மொழியால் சீனர்கள் ஒன்றுபடுவார்கள் என்று நினைத்தே அதைச் செய்தார்கள், பேரப்பிள்ளைகள் நன்றாகவே மாண்டரின் பேசுகிறார்கள். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத, பேரப்பிள்ளையும் இல்லாத ஒரு கிழவிக்கு அந்த மாற்றம் என்ன செய்தது என்பதை நான் ஒரு படுக்கையின் ஓரத்தில் நின்று பார்த்தேன். அவர் பேசினார், யாருக்கும் புரியவில்லை. குரலை உயர்த்திப் பேசினார். 'கிளர்ச்சி' என்று பதிவேட்டில் எழுதினார்கள். 2016-ல் முதியவர்களுக்காக ஹொக்கியெனில் ஒரு தொடர் நாடகம் தொலைக்காட்சியில் வந்தது, எல்லாரும் கொண்டாடினார்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் போ போவுக்கு ஹொக்கியெனும் தெரியாது.

1910-ல் அந்த வணிகர்கள் ஏன் மூன்று பகுதிக்காரர்களுக்கு மட்டும் என்று கட்டினார்கள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முன்பு அது குறுகிய மனசாகத் தோன்றியிருந்தது. படுக்கையில் கிடப்பவன் 'துங்' என்று முனகினால் அது வலி என்று தெரிந்தவன் பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்காகத்தான்.

ஊக் கெய்

2016 கடைசியில் போ போ ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல ஆரம்பித்தார். "ஃபான் ஊக் கெய், ஃபான் ஊக் கெய்." யாரோ ஊக் கெய் என்ற ஆளைத் தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். காதலனோ, தம்பியோ. எங்கள் புளோக் காப்பிக்கடைக்காரர் பினாங்கு பக்கத்துக் கான்டனீஸ்காரர், அவரிடம் போய்ச் சொல்லிக் காட்டினேன். தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "வீட்டுக்குப் போகணும்னு சொல்றாங்க" என்றார்.

எந்த வீட்டுக்கு? வாடகை வீட்டை வீடமைப்புக் கழகம் திரும்ப எடுத்துக்கொண்டு இரண்டு வருடமாகிவிட்டது. ஊர் வீடு இருக்கிறதோ இல்லையோ. அடுத்த சனிக்கிழமை போனபோது, ஃபான் ஊக் கெய் என்றதும் நான் கையைப் பிடித்துக்கொண்டு தமிழில் என்னென்னவோ சமாதானம் சொன்னேன். டாக்டர் விடணும், உடம்பு தேறணும், அடுத்த மாதம் போகலாம். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. போ போ கையை உருவிக்கொண்டு கட்டில் கம்பியைப் பிடித்து எழப் பார்த்தார்.

அப்போது தள்ளுவண்டியோடு ஒரு பராமரிப்பு ஊழியர் வந்தார். மியன்மாரிலிருந்து வந்த பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். அந்த மாடிக்கு அவர் வந்து சில மாதங்கள்தான். குனிந்து, போ போவின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்து, "சிக் சோ ஃபான் சின்" என்றார். போ போ அவரைப் பார்த்தார். கம்பியிலிருந்து கை தளர்ந்தது. மீன் போட்ட கஞ்சியை ஒரு வாய் வாங்கிக்கொண்டார். இன்னொரு வாய். கிண்ணம் பாதி காலியானது.

என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். முதலில் சாப்பிடுங்கள் என்றேன், அவ்வளவுதான் என்றார். எங்கே கற்றீர்கள் என்றதற்கு வார்டைக் கையால் சுற்றிக் காட்டினார். இந்தப் பாட்டிகளிடம்தான். அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதைக் கேட்டுக் கேட்டு, பர்மிய எழுத்தில் ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்திருந்தார். எடுத்துக் காட்டினார். தண்ணீர், வலி, குளிர்கிறது, அம்மா, வீட்டுக்குப் போகணும். பக்கத்தில் மற்ற கிளைமொழிகளுக்கும் தனித்தனிப் பத்தி.

பொய் சொல்லவில்லையா என்று கேட்டேன். நான் சொன்னதுதான் பொய் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. அவர் யோசித்துவிட்டு, போக முடியாது என்று நான் சொல்லவில்லையே, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றுதானே சொன்னேன், எங்கள் வீட்டில் யார் கிளம்பினாலும் அப்படித்தான் சொல்வோம் என்றார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். யார் வாசலில் செருப்பை மாட்டினாலும் அம்மா சொல்கிற முதல் வார்த்தை அது.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் கஞ்சி நேரத்துக்குப் போகத் தொடங்கினேன். நானும் அதே நான்கு சொற்களைச் சொல்லப் பழகினேன். என் உச்சரிப்பு சரியில்லாத நாட்களில் போ போ முகத்தைச் சுளிப்பார். வாய் மட்டும் திறப்பார்.

2017 ஜூனில் ஒரு ராத்திரி போ போ இறந்துபோனார். மறுநாள் காலை போனபோது படுக்கை விரிப்பை மாற்றியிருந்தார்கள். பிஸ்கட் டப்பா மேசைமேல் இருந்தது. அந்த மியன்மார் பெண் இரவு ஷிஃப்ட் முடிந்தும் கிளம்பாமல் எனக்காக நின்றிருந்தார். கடைசி ஒரு மணி நேரம் கூடவே இருந்ததாகச் சொன்னார். மூச்சு இரைக்கும்போதும் போ போ அதையே சொல்லியிருக்கிறார், வெறும் உதடு மட்டும் அசைந்தது, எனக்குத் தெரியும் என்றார்.

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"நேற்று நான் சாப்பிடச் சொல்லவில்லை. சரி போ போ, ஃபான் ஊக் கெய் என்று சொன்னேன்" என்றார். அதற்குள் நான்காவது படுக்கையிலிருந்து யாரோ தண்ணீர் கேட்டார்கள். கான்டனீஸில்தான். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு அங்கே போனார்.